சுவரில் தொங்கும் சான்றிதழ் போதாது

கொழிஞ்சாம்பாறை மெடிக்கலில் மூன்று வருடமாக உதவியாளராக இருக்கிறேன், உதவியாளருக்குத் தனி லைசென்ஸ் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. 1948 பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டுக்குத்தான். நீங்கள் ஸ்டாக் அடுக்கலாம், பில் போடலாம், எக்ஸ்பைரி தேதி பார்க்கலாம். பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் சுவரில் தொங்கினாலும், அவர் கடையில் இல்லாத நேரத்தில் சீட்டைக் கையில் வாங்காதீர்கள், முதலாளி சொன்னாலும் சரி. ஒரு மாத்திரை மாறினால் போவது ஓர் உயிர்.

நீங்களே பார்மசிஸ்ட் ஆக, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமோ சேருங்கள். இரண்டு வருடம், அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. பணம் கட்டுமுன் கல்லூரிக்கு பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வு பற்றி 2022-இல் வந்த விதியையும் கல்லூரியிலேயே கேளுங்கள். பொள்ளாச்சியில் படித்தாலும், வேலை பாலக்காட்டில் என்றால் கேரள மாநில பார்மசி கவுன்சிலில் பார்மசிஸ்ட்டாகப் பதியுங்கள்.