அந்தமான் பேக்கேஜ்: இன்றைக்கே பாதிப் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: சார், ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம், மாமியாருக்கு 68 வயது. தி.நகரில் ஒரு ஏஜென்ட் நான்கு ராத்திரிக்கு, விமான டிக்கெட் தனி, ஆளுக்கு 24,500 ரூபாய் சொல்கிறார். "எல்லா பீச்சும் இதிலேயே அடக்கம், இன்றைக்கே பாதி கட்டினால்தான் இந்த ரேட்" என்கிறார். கட்டலாமா?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: இன்றைக்கு வேண்டாம். நாளைக்குப் போனாலும் அதே ரேட்டைத்தான் சொல்வார், பெரும்பாலும். "எல்லா பீச்சும்" என்பதை வைத்து விலை சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கப்பலில் என்று எழுதி வாங்குங்கள், அப்புறம் பேசலாம்.

நேரத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் என்னவோ நம்முடையதுதான், அதனால் ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் அங்கே சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கில் (இப்போது அரசுப் பெயர் சுவராஜ் தீவு) எல்லோரும் பார்க்க ஆசைப்படும் ராதாநகர் கடற்கரை, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போர்ட் பிளேயரிலிருந்து மத்தியானக் கப்பலில் ஏற்றி மூன்றரை மணிக்கு ஹேவ்லாக்கில் இறக்கிவிட்டால், லக்கேஜை ரூமில் போட்டுவிட்டு நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஏஜென்ட் கணக்கில் அதுவும் "பார்த்தாகிவிட்டது"தான். ஆகவே காலைக் கப்பல், ஹேவ்லாக்கில் இரண்டு ராத்திரி என்று கேளுங்கள். ஒரே ராத்திரி என்றால் மூட்டை கட்டி அவிழ்ப்பதற்கே சரியாக இருக்கும்.

மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் கப்பல்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடும், அரசுக் கப்பல் இன்னும் மெதுவாகப் போகும், ஆனால் கட்டணம் குறைவு. தனியார் கப்பலுக்குக் காசு வாங்கிக்கொண்டு வேறெதிலாவது ஏற்றாமல் இருக்க, கப்பல் பெயரும் வகுப்பும் தாளில் இருக்கட்டும். ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான" என்று பொடி எழுத்தில் இருந்தால் அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள், அவர் முகம் மாறுகிறதா பாருங்கள்.

எலிபெண்ட் பீச்சுக்குப் படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் காட்டு வழியே நடக்க வேண்டும். அந்தப் படகுக் கட்டணம் பேக்கேஜில் உண்டா, "ஃப்ரீ ஸ்நார்க்கலிங்" (முகமூடி போட்டு நீரில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்றால் எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்கு அது தேவையில்லை, அவர் பங்குக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லலாம். பாராடாங் தீவுக் குகையையும் விட்டுவிடுங்கள், விடியுமுன் கிளம்பி நாள் முழுக்க அலைய வேண்டும். நீல் தீவின் பாறைப் பாலத்துக்கு நடந்து போக நீர் வற்றியிருக்க வேண்டும், அந்த நேரம் தினமும் மாறும் என்பதால் அன்றைய நீர் வற்றும் நேரத்தை ஏஜென்டிடமே கேளுங்கள். தெரியாமல் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: கடல் கொந்தளிப்பு என்று எங்கள் நீல் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கேட்டால், இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார் ஏஜென்ட். அவர் ஆபீஸ் போர்ட் பிளேயரில்.
(வாசகர், பெரம்பூர்)

பதில்: கடலுக்கு அவர் பொறுப்பில்லை, சரி. ஆனால் ஓடாத கப்பலுக்கான டிக்கெட் பணம் அவரிடம் திரும்பி வந்திருந்தால் அது உங்கள் பணம். கப்பல் கம்பெனி ரீஃபண்ட் கொடுத்ததா, எவ்வளவு என்று மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம். நீல் ஹோட்டலுக்கும் அதே கேள்வி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர் ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வாட்ஸ்ஆப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.