கணினி இயங்குதளங்களின் திருட்டு நகல்களைத் தடுப்பது எப்படி?

திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இங்கே திருட்டு விண்டோஸை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தேடிப் போனவர்கள் அல்லர். அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்காரர் மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., கேபினெட் என ஒவ்வொன்றுக்கும் கொட்டேஷனில் விலை எழுதிவிட்டு, இயங்குதளத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழுதாமல், பென்டிரைவிலிருந்து ஏற்றி, உரிமம் இல்லாமலேயே விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் காட்டும் ஆக்டிவேட்டர் என்ற நிரலையும் ஓட்டிக் கொடுத்துவிடுகிறார். விண்டோஸுக்கும் விலை எழுதிக் கொடுக்கும் கடையிலோ, "அடுத்த கடைல சும்மாதானுங்க போட்டுத் தர்றாங்க" என்று பேரம் அங்கேயே நின்றுவிடுகிறது. திருட்டு நடக்கும் இடம் அந்தக் கொட்டேஷன்தான். தடுக்க வேண்டிய இடமும் அதுவே என்பது என் கருத்து.

மைக்ரோசாஃப்ட் பூட்டுப் போடாமல் இல்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், உரிமச் சாவியைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷனைக் கொண்டுவந்தது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்கென்று ஆக்டிவேஷனே தேவைப்படாத சாவி ஒன்று இருந்தது, அது வெளியீட்டுக்கு முன்பே கசிந்து ஊரெல்லாம் பரவியது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஆக்டிவேட் செய்யாத கணினியை ஏறத்தாழ முடக்கிப் பார்த்து, 2008-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் அதைக் கைவிட்டு, வெறும் நினைவூட்டலாக மாற்றிக்கொண்டது. உருப்படியாகப் பலித்தது, விண்டோஸ் 8 காலத்தில் தயாரிப்பாளர்கள் சாவியை மதர்போர்டிலேயே நிலையாக இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் பதித்து அனுப்பத் தொடங்கிய ஏற்பாடுதான். பிராண்டட் லேப்டாப் வாங்குபவருக்கு உரிமம் விலையோடு வந்துவிடுகிறது. ஃபார்மட் செய்து மீண்டும் ஏற்றினாலும் அதே பதிப்பாக இருந்தால் தானே அடையாளம் கண்டுகொள்கிறது. அசெம்பிள் செய்த கணினியில் சாவி அப்படிப் பதிந்து வருவதில்லை.

உங்கள் கணினியின் நிலையை அறிய செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கே.எம்.எஸ். என்ற முறை, குறைந்தது 25 கணினிகள் உள்ள நிறுவனங்களுக்கானது. நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சர்வர் ஒன்று கணினிகளுக்கு 180 நாள் அனுமதி கொடுத்து, அதைத் தொடர்ந்து புதுப்பித்துவரும். இன்று புழங்கும் ஆக்டிவேட்டர்கள் பல, அந்த சர்வராக நடிப்பவை. ஒற்றைக் கணினி வைத்து நூல் வியாபாரம் செய்பவரின் திரையில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" செயல்படுத்தப்பட்டது என்ற பொருளில் ஆங்கில வரி தெரிந்தால், எந்த நிறுவனம் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியின் விலக்குப் பட்டியலையும் பாருங்கள். ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக அதன் கோப்புறையை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவிட்டு, அப்படியே விட்டுப்போயிருப்பார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஸ்டாப் என்ற பணயத் தீம்பொருள் பரவியதே பெரும்பாலும் இப்படி உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்குகளின் வழியாகத்தான்.

பணம்தான் காரணம் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. கணக்கு மென்பொருளான டேலிக்குப் பணம் கட்டி உரிமம் வாங்கிய பனியன் கம்பெனியிலேயே, அது ஓடும் விண்டோஸ் ஓசியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டேலியை விற்றவர் நேரில் வந்து கற்றுக்கொடுத்தார், வரி விதி மாறும்போது அப்டேட்டும் வந்தது. விண்டோஸை விற்க யாரும் வரவே இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் எனத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லி நான் யாரையும் மாற்றியதில்லை. ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கினால், சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது மாறியவர்கள் உண்டு.

பிரௌசரும் விரிதாளும் மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளமோ, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ போதும். இரண்டும் இலவசம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். டேலியும் எம்ப்ராய்டரி டிசைன் மென்பொருளும் வேண்டுமென்பவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கொட்டேஷனில் விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஓ.இ.எம்.மா ரீடெயிலா என்று எழுதி வாங்க வேண்டும். ஓ.இ.எம். உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். ரீடெயிலை அடுத்த கணினிக்கு மாற்றலாம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிகளை வாங்க வேண்டாம்; அவற்றில் பல, நிறுவன உரிமங்களிலிருந்து உருவி விற்கப்படுபவை, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.