பெருங்களத்தூரா, முடிச்சூரா?

கேள்வி: சென்னை கிண்டியில் வேலை. மனைவி, பள்ளி செல்லும் மகள். பெருங்களத்தூரில் இரண்டாம் மாடி வீடு 68 லட்சம், முடிச்சூரில் அதே அளவில் தரைத்தளம் 56 லட்சம். இரண்டுமே கைமாறும் பழைய பிளாட். முடிச்சூர்க் கட்டடம் 2014-ல் முடிந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, 12 லட்சம் மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: மிச்சம் 12 லட்சம் இல்லை, 13-க்கும் மேலே. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 68 லட்சத்துக்கு 6.12 லட்சம், 56 லட்சத்துக்கு 5.04 லட்சம். பொதுவாக வங்கி இதற்குக் கடன் தராது, கையிலிருந்துதான் போகும். ஆக, முடிச்சூரின் கவர்ச்சி நிஜம்தான்.

ரயிலை வைத்துப் பெருங்களத்தூர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டேஷன் இருக்கிறது, கிண்டிக்கு நேர் ரயில். ஆனால் மின்சார ரயில்களில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு நின்றுவிடும். முடிச்சூர்க்காரர் பைக்கில் மேற்குத் தாம்பரம் வந்து, அங்கே புறப்படும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார். காலை எட்டு மணிக்கு அது சின்ன விஷயமா!

தண்ணீர்தான் கவலை. 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேரும் வழியில் இருக்கின்றன முடிச்சூரும் அதை ஒட்டிய வரதராஜபுரமும். அந்த வாரம் அங்கே படகில்தான் ஆட்களை மீட்டார்கள். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். அப்படியும் 2021 நவம்பரில் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. ஆனால் முடிச்சூர் முழுக்க மூழ்குவதில்லை, மேட்டுத் தெருக்களும் உண்டு. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணைப் பக்கமும் ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்கள் இருக்கின்றன. தெருவைப் பாருங்கள், ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள்.

தரகரைக் கேட்டால் "முட்டி அளவு சார், ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்" என்பார். (எந்த ஊர்த் தரகருக்கும் அதே முட்டிதான்.) நான் சொல்வது வேறு வழி: இரண்டு கட்டடத்து அசோசியேஷன் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். முடிச்சூர்ப் புத்தகத்தில் 2015 டிசம்பர், 2016 ஜனவரி, 2021 நவம்பர் பக்கங்களைப் புரட்டுங்கள். மோட்டார் காயில் மாற்றியது, சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) கழுவியது, லிப்ட் போர்டு வாங்கியது என்று வரிசையாக இருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று புரிந்துவிடும். அப்படியே இரண்டிலும் மே மாதத்து லாரித் தண்ணீர்ச் செலவு, கழிவுநீர் லாரிச் செலவையும் பாருங்கள். புத்தகம் காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்கு விற்கும் அவசரம் இல்லை.

பத்திரத்தில் கிராமத்தின் பெயரையும் பாருங்கள். விளம்பரத்தில் "பெருங்களத்தூர்" என்றிருக்கும் மனை, பட்டாவில் வேறு கிராமமாக இருப்பது சகஜம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர் உள்ளே வந்தது, முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. வரதராஜபுரமோ மாவட்டமே வேறு, காஞ்சிபுரம். சொத்து வரி கட்டுவது முதல் குப்பை அள்ளுவது வரை இதைப் பொறுத்துத்தான்.

என்னைக் கேட்டால், முடிச்சூரில் அந்தத் தரைத்தள வீடு வேண்டாம். அதே கட்டடத்தில் முதல் மாடி 60 லட்சத்துக்குள் கிடைத்து, கணக்குப் புத்தகமும் சுத்தமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகையில் ஓர் அடைமழை நாளில் குடையோடு போய் அந்தத் தெருவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள்.