பழைய நெகட்டிவ்களை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் தெளிவாக ஸ்கேன் செய்வது எப்படி?

எப்சன் வி600 ஸ்கேனர் வாங்கி 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற கணக்கு) வைத்தும் அப்பா காலத்து நெகட்டிவ்கள் மங்கலாகவே வருகின்றன, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் அதே மெஷினோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். டிபிஐயை விடுங்கள். ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்த வகை ஸ்கேனரில் லென்ஸை ஒரே தூரத்துக்கு ஃபோகஸ் செய்து நிறுத்திவிட்டார்கள். ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சட்டமான ஹோல்டரும் அந்த உயரத்துக்குத்தான் வார்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் முன்பின் இருக்கும். வி700, வி750 வைத்திருப்பவர்களுக்கு ஹோல்டரிலேயே உயரம் மாற்ற வசதி உண்டு. நமக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைதான். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு, நல்ல கூர்மையான ஒரு நெகட்டிவை முதலில் அப்படியே, பிறகு ஹோல்டரின் நான்கு மூலைக்கும் அடியில் ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று வைத்து, மென்பொருளில் படத்தைச் செயற்கையாகக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை அணைத்து, 3200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு துண்டில் சரியாக வந்தது. உங்களுக்கு ஒன்றே போதுமாக இருக்கலாம், எதுவுமே வேண்டாம் என்றும் ஆகலாம். ஹோல்டரின் தலைமாட்டில் இருக்கும் காலி இடுக்கை மட்டும் அட்டையால் மறைத்துவிடாதீர்கள், மெஷின் வெளிச்சத்தை அளந்துகொள்வது அந்த வழியாகத்தான். மறைந்தால் படம் நெடுகக் கோடு விழும்.

அந்த இரண்டு துண்டு அட்டை எங்கள் வீட்டில் ஒரு சண்டையையே தீர்த்தது. பாட்டா (தாத்தா) ஒரு ஆக்ஃபா கிளிக் 3 வைத்திருந்தார், 35 எம்எம்மைவிட அகலமான 120 ஃபிலிமில் 12 சதுரப் படம் எடுக்கும் சாதாரண கேமரா. கன்னியாகுமரிக் கடற்கரையில் எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று, பின்னால் பாறை. அது பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது என்று அம்மா, பின்னால் எடுத்தது என்று மாமா. கல்யாணம் நடந்தது 1971-இல். என் முதல் ஸ்கேனில் பாறை வெறும் கரும்புள்ளி. மாமா பார்த்துவிட்டு, "என்ன மக்கா, மெஷினுக்குக் கண்ணு தெரியலையா?" என்றார். உயரத்தைச் சரிசெய்து மறுபடி எடுத்தபோது, பாறையின் உச்சி என்று நினைத்திருந்த இடம் நேராக வெட்டியது போலத் தெரிந்தது. பாதி எழும்பிய கட்டடம்! விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970 செப்டம்பரில். அம்மா ஜெயித்தாள்.

டிபிஐ விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும், ஆனால் சோதனைப் பலகை வைத்து அளந்தவர்கள் வி600-இல் கண்டது சுமார் 1500-1600 டிபிஐ அளவுக்கான நுணுக்கம்தான், வி700-இல் 2300 பக்கம். 35 எம்எம் படத்தை 48 பிட் டிஃப் கோப்பாக 6400-இல் எடுத்தால் ஒரு படமே 300 எம்பியைத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் வெறும் காற்று. நான் எல்லாவற்றையும் 3200-இல் எடுத்து, பிறகு பாதியாகச் சுருக்கிவிடுகிறேன். சுருக்கும்போது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சலும் கொஞ்சம் அடங்குகிறது.

அடுத்தது தூசியும் ஈரமும். நம் மாவட்டத்தில் இதுதான் பெரிய தலைவலி, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. எங்கள் நெகட்டிவ்கள் முப்பது வருடம் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் ஒரு மர அலமாரியில் கிடந்தவை, பாதிக்கு மேல் பூஞ்சை. இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நெகட்டிவில் வெள்ளையாகப் படர்ந்திருந்ததை ஈரத் துணியால் லேசாகத் துடைத்தேன். பாட்டியின் முகம் துணியோடு வந்துவிட்டது. பூஞ்சை ஃபிலிமின் ஜெலட்டினைத் தின்று அதைத் தண்ணீரில் கரைகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். இப்போது அந்தப் படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்பு ஓட்டை, பாட்டியின் சேலையும் கம்மலும் மட்டும் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த ஃபிலிமில் தண்ணீர் படவே கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 98 சதவீதத்துக்குக் குறையாதது, அதுவும் முதலில் வேண்டாத நெகட்டிவின் ஓரத்தில் சோதித்துவிட்டு. பயமாக இருந்தால் தொடாமல் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம்.

தூசிக்கு ரப்பர் பம்ப், மென்மையான பிரஷ். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஃபேனை அணைத்துவிட்டு வேர்வையோடு உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்கள் ஆடி மாதத்தில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம், அந்தக் காற்றில் ஜன்னலை மூடினாலும் மண் வந்துவிடும். எனக்குத் தோதான நேரம் ராத்திரி மழை பெய்து ஓய்ந்த காலை. தூசி அடங்கியிருக்கும், காற்றில் ஈரம் இருப்பதால் ஃபிலிமில் தூசி ஒட்டிக்கொள்வதும் குறைவு. வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.

தூசியைத் தானாக நீக்க ஸ்கேனரிலேயே டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி இருக்கிறதே என்பீர்கள். கலர் நெகட்டிவுக்கு அருமையானது, நேரம் கூடினாலும் போடுங்கள். கருப்பு வெள்ளைக்குப் போடாதீர்கள். அது அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது, கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்கள்தான், அவை அந்த ஒளியை மறைக்கும், மெஷின் முகத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஊட்டியில் தயாராகி 'இந்து' (Indu) என்ற பெயரில் வந்த பழைய கருப்பு வெள்ளை ஃபிலிம் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

சுருண்ட ஃபிலிமை உறைக்குள் போட்டுக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் வையுங்கள். வழவழப்பான பக்கம் கண்ணாடியில் தொட்டால் எண்ணெய் படர்ந்தது போல வளையம் வளையமாக வரும், அது நியூட்டன் வளையம். அப்புறம், ப்ரிவியூவில் செலக்‌ஷன் கட்டத்தைப் படத்துக்கு உள்ளேயே போடுங்கள். ஃபிலிமின் ஓரமும் சேர்ந்துவிட்டால் ஆட்டோ எக்ஸ்போஷர் குழம்பிவிடும். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லையென்றால் வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியில் மடிப்பே தெரியாது.

120 ஃபிலிமுக்கு இந்த ஸ்கேனர் தாராளம். 35 எம்எம்மில் நிஜமாகக் கிடைப்பது மூன்று மெகாபிக்சல் சொச்சம்தான், ஆல்பத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் போதும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்கிற படங்களை மட்டும் தனியே எடுத்து, மிக அருகில் வைத்துப் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நானூறு சொச்சம் 35 எம்எம் படத்தில் அப்படித் தேறியது ஒன்பது.