சைடுபார் கீழே விழுந்தால் டெம்ப்ளேட்டை மாற்ற வேண்டுமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புது வரவுகளின் படங்களை பிளாக்கரில் (கூகுளின் வலைப்பதிவுத் தளம்) போட்டு வருகிறேன். எழுத்து ஓரத்தை ஒட்டிக்கொண்டு இருக்கிறதே என்று போன வாரம் டெம்ப்ளேட்டில் (வலைப்பதிவின் வடிவமைப்பில்) கைவைத்தேன். கம்ப்யூட்டரில் வலப்பக்கம் இருந்த சைடுபார் (பக்கப்பட்டை) கீழே போய்விட்டது. போனில் புடவைப் படம் பாதிதான் தெரிகிறது. தலைப்பில் 'கீ', 'டீ' எழுத்துகளின் கொக்கி வெட்டுப்படுகிறது. புது டெம்ப்ளேட் போட்டுவிடலாமா?"

வேண்டாம். கோளாறு பதிவுக்குள் இருந்தால் புது டெம்ப்ளேட்டிலும் அதேதான் வரும், நீங்கள் இத்தனை நாள் செய்த மாற்றங்கள் போனதுதான் மிச்சம். முதலில் இரண்டு மூன்று பழைய பதிவுகளைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு பதிவில் மட்டும் சைடுபார் விழுகிறது என்றால் வேறு எங்கிருந்தோ ஒட்டிய எழுத்தோடு கூடுதலாக ஒரு மூடும் 'டிவ்' (பெட்டியை மூடும் </div> குறி) வந்திருக்கும். அந்தப் பதிவை எச்டிஎம்எல் (பக்கத்தின் குறிகள் தெரியும்) பார்வையில் திறந்து அதை எடுத்தால் போதும். அந்தப் பதிவு முகப்பில் இருக்கும் வரை முகப்பும் சேர்ந்து கெடும், அதனால் முகப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

எல்லாப் பதிவிலும் விழுந்தால் அது அகலக் கணக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுதான். வெளிப்பெட்டி 960 பிக்சல், பதிவுப் பகுதி 660, சைடுபார் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், இழை பிசகாமல் பொருந்தும். பதிவுப் பகுதிக்கு இருபுறமும் 15 பிக்சல் 'பேடிங்' (ஓரத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலான இடைவெளி) கொடுத்தால் அது 660-க்குள் அடங்காது, மேலே சேரும். 690-உம் 300-உம் சேர்ந்தால் 990, வெளிப்பெட்டியின் 960-க்குள் இடமில்லாமல் சைடுபார் கீழே இறங்கும். அலமாரித் தட்டில் நெருக்கி வைத்த இரண்டு பெட்டியில் ஒன்றுக்கு உறை போட்டால் இன்னொன்று வெளியே வருமே, அதே கதைதான். பதிவுப் பகுதியை 630 ஆக்குங்கள், அல்லது அதற்கு 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' கொடுங்கள், பேடிங் உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். என் கைப்பழக்கம் இரண்டாவதுதான், நாளைக்கு இடைவெளியை மாற்றினாலும் மறுபடி கணக்குப் போட வேண்டாம்.

படத்துக்கு, பதிவுக்குள் வரும் எல்லா 'இமேஜு'க்கும் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைச் சொல்லும் பகுதி) 'மேக்ஸ்-விட்த்' (அதிகபட்ச அகலம்) 100%, 'ஹைட்' (உயரம்) ஆட்டோ என்று கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், அகலம் சுருங்கி உயரம் அப்படியே நின்றால் புடவை இழுத்துவிட்டதுபோல் தெரியும். பார்டரும் முந்தானையும் சரியாகத் தெரியாத படத்தைப் பார்த்து யார் கடைக்கு வருவார்கள்?

கொக்கி வெட்டுப்படுவது 'லைன்-ஹைட்' (வரியின் உயரம்) குறைவாக இருப்பதால். ஆங்கில எழுத்தை மனதில் வைத்து 1 என்று வைத்திருப்பார்கள், தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். 1.5 வையுங்கள். அப்புறமும் வெட்டினால் அந்தத் தலைப்புக்கு 'ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்' (பெட்டிக்கு வெளியே வருவதை மறைப்பது) இருக்கிறதா என்று தேடி எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் தீம் பக்கத்தில் 'பேக்கப்' எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், சேமி, பார். சேமிக்கும்போது பிழை காட்டினால் பெரும்பாலும் நீங்கள் ஒட்டிய வரியில் தனியாக ஒரு & இருக்கும். பிளாக்கர் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் என்ற கறாரான குறிமொழியில் இருப்பதால் அதை ஏற்காது. அதற்குப் பின்னால் ஏ, எம், பி என்று மூன்று சின்ன ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்க்க வேண்டும். சேமித்தும் போனில் பழையபடியே தெரிந்தால் பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (மறைமுக ஜன்னலில்) திறந்து பாருங்கள், பழைய பக்கம் போனிலேயே தங்கியிருக்கலாம்.