கணக்கப்பிள்ளை பதில்கள்: மலையின் கெடு ஒக்டோபர்

(ஊவாத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, காலநிலை மாற்றம் என்றால் 2050, 2100 என்று பேசுகிறார்கள். உலகம் விடும் புகையில் இலங்கையின் பங்கு மிகச் சிறியது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன அவசரம்?
வாசகர், பண்டாரவளை

பதில்: பங்குக் கணக்கு சரிதான் தம்பி. உலகின் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு 0.1 வீதத்துக்கும் குறைவு. விறகடுப்பும் இரண்டு மின்குமிழும் வைத்து வாழும் லயத்தின் பங்கைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். வெப்ப உயர்வு 1.5 பாகைக்குள் நிற்க வேண்டுமானால், 2010இல் இருந்த வெளியீட்டை 2030க்குள் ஏறத்தாழ 45 வீதம் குறைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு 2018இலேயே சொன்னது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்ப உயர்வு அந்த 1.5ஐத் தாண்டியும்விட்டது. இந்தக் கடனைப் பெரிய நாடுகளிடம் கேட்பது நம் உரிமை. ஆனால் கடன் பட்டவன் யார் என்று விசாரித்துக்கொண்டா மழை பெய்கிறது?

காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். அதனால்தான் பல நாள் தூறவேண்டிய மழை ஓர் இரவில் கொட்டித் தீர்க்கிறது. அது விழுவதோ காடழித்த சரிவில். கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. அதே சரிவில் தேயிலை ஏறியது. மண்ணைப் பிடித்திருந்த பெருமரங்களின் வேர்கள் மக்கிப்போயின. பிறகு அந்த மண்ணைப் பிடித்துவைத்தது நம் பாட்டன்மார் வெட்டிய கானும் (மழைநீர் வடியும் வாய்க்கால்) அடுக்கிய கல்லணையும்தான். இன்று எத்தனை மலைகளில் கான் ஒழுங்காக இருக்கிறது? கொழுந்துக்கு ஆள் போட்டால் வரவு, கானுக்கு ஆள் போட்டால் செலவு. நான் எழுதிய செக்ரோல் என்ற வேலையாள், சம்பளக் கணக்குப் புத்தகத்தில் மண்ணுக்கென்று ஒரு பத்தி இருந்ததே இல்லை.

கான் அடைபட்டால் நீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். மண் கனக்கும், உள்ளே நீரின் அழுத்தம் ஏறும், பிடி விட்டுச் சரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் புதைந்தது இப்படியொரு சரிவில். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை மாவட்டங்களில் மண்சரிவுகளே பெரும் எமனாக இருந்தன. ஆகவே 2050 கொழும்பு மாநாட்டு மண்டபத்தில் பேசுபவர்களின் கெடு. நமக்கு மழை பிடிக்கும் ஒக்டோபர். ஆவணி, புரட்டாதிக்குள் கான் துப்புரவாக வேண்டும், மேட்டில் வெட்டிவேர் பிடித்திருக்க வேண்டும்.

காலத்தோடு செய்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனையின்படி, 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டுவது தடைசெய்யப்பட்டது. வெள்ளைக்காரன் நம்மேல் வைத்த அன்பு என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆனாலும் ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் ஓரளவு மிஞ்சின. பாசி படிந்த அந்த மரங்கள் மூடுபனியிலிருந்தே நீரை வடித்துத் தருகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: மழை பிடித்தால் கோயில் மண்டபத்துக்குப் போகலாம் என்கிறேன். "இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்தாயிற்று" என்று மாமியார் அசைய மறுக்கிறார். எந்த அளவில் வெளியேற வேண்டும்?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: மாமியாரோடு வாதாடாதீர்கள் மகள், அளந்து காட்டுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு தகரப் பேணியை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டால் மில்லிமீற்றர் தெரியும். 24 மணி நேரத்தில் 75 என்றால் விழித்திருங்கள். 100 என்றால் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பைக்குள் போகட்டும். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ கிளம்பிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளே இவை.

பேணியைவிட முந்திச் சொல்லும் அடையாளங்களும் உண்டு. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் சிக்குகிறது, வாசலில் வெடிப்பு நீள்கிறது, ஊற்று நீர் விழும் பீலியில் தண்ணீர் திடீரெனக் கலங்குகிறது அல்லது மழைக்குள்ளேயே நின்றுபோகிறது, மரம் ஒரு பக்கம் சாய்கிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு போங்கள். ஆடு போனால் மாமியார் பின்னாலேயே வருவார்.

கேள்வி: எங்கள் பாடசாலை மரநடுகைக்கு யூக்கலிப்டஸ் கன்றுகள் வந்திருக்கின்றன. பீலிக்கு மேலே நடப் போகிறோம். நல்லதுதானே?
மாணவன், தலவாக்கலை

பதில்: பீலிக்கு மேலே வேண்டவே வேண்டாம். வேகமாக வளரும், அந்த வேகத்துக்கு நீரையும் இழுக்கும். அடியில் புல்பூண்டு அவ்வளவாக வளராது, மண் வெறுமையாகும். தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக்காக எங்காவது தள்ளி நடட்டும். ஊற்றோரத்துக்கு அந்த இடத்துக் காட்டிலேயே வளரும் மரங்களின் கன்றுகளைக் கேளுங்கள். நட்ட அன்று படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். வரட்சியில் தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலை முதலில் எழுதுங்கள்.

கேள்வி: லயத்துக்கு மேல் கான் மண்மூடிக் கிடக்கிறது. நிர்வாகத்திடம் சொன்னால் "பார்ப்போம்" என்கிறார்கள்.
வாசகர், லுணுகலை

பதில்: வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மலை இலக்கம், எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள் என்று எழுதி, வெடிப்பின் படத்தையும் வைத்து, நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். மாவட்டத்திலுள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்திடம் ஆபத்து மதிப்பீடு கேட்டு இன்னொரு கடிதம். பதில் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு இறங்கலாம், ஆனால் வாரிய மண்ணைக் கானின் கீழ்ப்பக்கமாகப் போடுங்கள். மேல்பக்கம் போட்டால் அடுத்த மழைக்கே அது கானுக்குள் திரும்ப வந்துவிடும்.