1886 லண்டன் பொருட்காட்சியில வாசிச்சது யாரு? (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. 1886-ல லண்டன்ல காலனி-இந்தியப் பொருட்காட்சின்னு ஒண்ணு நடந்துச்சாம், திறப்பு விழால விக்டோரியா மகாராணி முன்னாடியே பிரிட்டிஷ் தேசிய கீதத்தை சமஸ்கிருதத்துல பாடினாங்களாம், "நம்ம சங்கீதம் அன்னிக்கே ஆல்பர்ட் ஹாலை ஆண்டது"னு போட்டு கீழ வரிசையா கைதட்டுற எமோஜி. இது நிஜமா சார்? நிஜம்னா நம்ம ஆளுங்க யார் யார் போய் பாடினாங்க? வீணை, நாகஸ்வரம் ஏதாச்சும் போச்சா? ஆடியோ எங்கயாவது கேக்க கிடைக்குமா? நான் தேடினவரைக்கும் கம்பளம், மரச் சிற்பம் பத்தித்தான் வருது, பாட்டுக் கச்சேரி பத்தி ஒண்ணும் சிக்கல.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

சம்பவம் நிஜம். அதுல இருந்து ஃபார்வர்டு போட்டவர் எடுத்த முடிவுதான் தப்பு.

1886 மே 4-ஆம் தேதி, சவுத் கென்சிங்டன்ல இருக்குற ஆல்பர்ட் ஹால். தேசிய கீதத்தோட முதல் சரணத்தை இங்கிலீஷ்லயும் ரெண்டாவது சரணத்தை சமஸ்கிருதத்துலயும் பாடினாங்க. சமஸ்கிருதத்துல எழுதிக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு மாக்ஸ் முல்லர், ரிக்வேதத்தைப் பதிப்பிச்ச அதே மனுஷன், ஆயுசுல ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வராதவர். பாடினது லண்டன் கோரஸ். மெட்டு வழக்கமான காட் சேவ் த குயீன் மெட்டு. இதுல நம்ம சங்கீதம் எங்க இருக்கு சொல்லுங்க, நம்மகிட்ட இருந்து எடுத்தது மொழி மட்டும்தான், அதுலயும் ஒரு ஜெர்மன்காரர் எழுதி வெள்ளைக்கார கோரஸ் பாடி முடிச்சுட்டாங்க.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா அந்த மெட்டுக்கு சமஸ்கிருத சாகித்யம் போடுற வேலை நம்ம பக்கம் எப்பவோ முடிஞ்சாச்சு. முத்துஸ்வாமி தீட்சிதரோட நோட்டுஸ்வர சாகித்யங்கள் கேட்டிருப்பீங்க, கோட்டையில வெள்ளைக்கார ராணுவ பேண்டு வாசிச்சுக் கேட்ட மெட்டுகளுக்கெல்லாம் அவர் வார்த்தை போட்டாருன்னு சொல்லுவாங்க. அதுல 'சந்ததம் பாஹிமாம் சங்கீத ச்யாமளே' சாட்சாத் அந்த தேசிய கீத மெட்டுதான். பாட்டு வாத்தியார்கள் சின்னப் பசங்களுக்கு இன்னிக்கும் சொல்லித் தர்றாங்க, பாதிப் பேருக்கு அது என்ன மெட்டுன்னே தெரியாம பாடிட்டு இருப்பாங்க. ராஜாவைக் காப்பாத்துன்னு வேண்டுற மெட்டுல அவர் ராஜாவைக் கண்டுக்கவே இல்ல, ச்யாமளா தேவிகிட்ட தன்னைக் காப்பாத்தச் சொல்லி கேட்டுட்டுப் போயிட்டார். தீட்சிதர் காலமானது 1835, விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837. உங்க குரூப்ல கைதட்டணும்னா இதுக்குத் தட்டச் சொல்லுங்க.

திறப்பு விழால மிச்சம் என்ன பாடினாங்கன்னு பாத்தா இன்னும் தெளிவாப் புரியும். அரசவைக் கவி டென்னிசன் இதுக்குன்னே ஒரு வாழ்த்துப்பா எழுதினார், ஆர்தர் சல்லிவன் இசையமைச்சார் (அதே வருஷம் அவரோட 'மிகாடோ' சவாய் தியேட்டர்ல ஓடிட்டு இருந்துச்சு, ஜப்பான் வேஷம் கட்டி இங்கிலீஷ் மெட்டு பாடுற காமெடி ஆபரா). காலனிகள் எல்லாம் சகோதரர்கள், பிரிஞ்சு போயிடாதீங்க, பிரிட்டன்காரங்களே உங்களோடத விட்டுறாதீங்க, இதுதான் அந்தப் பாட்டோட பல்லவி. அந்த சகோதரக் கணக்குல ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்க் குடியேறின வெள்ளைக்காரங்க வருவாங்க, இந்தியாக்காரர் வரமாட்டார். தனியாப் பாடினது எம்மா அல்பானி. பேரைப் பாத்தா இத்தாலின்னு தோணும், ஆனா அவங்க கனடா க்யூபெக்ல பொறந்தவங்க, சொந்தப் பேரு எம்மா லஜனெஸ், ஆபரா மேடைக்காக மாத்திக்கிட்ட பேருதான் அல்பானி. ஆக காலனியில இருந்து வந்த குரல் அந்த மேடையில இருந்துச்சுதான். அந்தக் குரல் பாடினது 'ஹோம் ஸ்வீட் ஹோம்'.

சரி, திறப்பு விழா பெரிய மனுஷங்க சமாச்சாரம், ஜனங்க என்ன கேட்டாங்க? மே மாசம் திறந்து நவம்பர் 10 வரைக்கும் நடந்துச்சு, 55 லட்சம் பேர் வந்தாங்க. இவ்வளவு கூட்டம் ஆஸ்திரேலியா கம்பளியையும் கனடா கோதுமையையும் பாக்கவா வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? நம்ம தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போறவங்க அரசுத் துறை ஸ்டாலைப் பாத்துட்டு வரணும்னா போறாங்க, டெல்லி அப்பளமும் ராட்டினமும்தானே, அதே கதைதான் அங்கயும். சாயங்காலம் ஆனா தோட்டத்துல கார்ட்ஸ் ரெஜிமெண்ட் பேண்டு, வால்ட்ஸ், ஆபரா துணுக்குகள், மார்ச். இருட்டினதும் தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்குல மின்சார விளக்கு, வீட்டுல கேஸ் விளக்கும் மெழுகுவர்த்தியும் வச்சிருந்த ஜனங்களுக்கு அதுவே பெரிய காட்சி.

எல்லாத்தையும் விட ஹிட் ஆனது கலர் நீரூற்று. சர் ஃபிரான்சிஸ் போல்டன்னு ஒரு இன்ஜினியர், முன்னாள் ராணுவக்காரர், அவரோட கைவேலை அது. நீரூற்றுக்கு நடுவுல தரைக்கு அடியில ஒரு ரூம், அதுக்குள்ள ஆர்க் விளக்குகள், விளக்குக்கும் தண்ணிக்கும் நடுவுல கலர் கண்ணாடி, அதை மாத்துறதுக்குன்னு உள்ள ஆட்கள். போல்டன் உக்காந்திருந்தது மணிக்கூண்டு மேல. அங்க இருந்து மின்சார மணி அடிச்சு சிக்னல் கொடுப்பாராம், கீழ இருக்குறவங்க கண்ணாடியை மாத்துவாங்க, தண்ணி சிவப்பாகும், அடுத்த மணிக்குப் பச்சை. மேல நிக்குற கூட்டத்துக்கு அந்த மணிச் சத்தமும் தெரியாது, ஆர்க் விளக்கு சூட்டுல உள்ள நிக்குற ஆட்களும் தெரியாது, பேண்டு சத்தமும் கலர் தண்ணியும் மட்டும்தான்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், நம்ம ஆளுங்க யாரு போனாங்க. த்ரைலோக்யநாத் முகர்ஜின்னு ஒரு வங்காளி, இந்திய அரசாங்க அதிகாரியா இந்தப் பொருட்காட்சி வேலைக்கு லண்டன் போனவர், பின்னாடி வங்காளத்துல பேய்க் கதையும் நக்கல் கதையுமா எழுதிப் பேர் வாங்கினார். அந்தப் பயணத்தைப் பத்தி 1889-ல இங்கிலீஷ்ல புஸ்தகம் போட்டார், 'எ விசிட் டு யூரோப்'. நக்கல்னா அப்படி ஒரு நக்கல். பொருட்காட்சி ரெஸ்டாரண்ட் ஒண்ணுல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கார், பக்கத்து டேபிள்ல கிராமத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் இவரையே ஓரக்கண்ணால பாக்குது. அதுல ஒரு இளம் பொண்ணு இவர்கிட்ட பேச்சு கொடுக்குது, இவர் இங்கிலீஷ் பேசுறதைக் கேட்டு ஆச்சரியம் தாங்கல, கடைசில ஒரு பாராட்டு வேற: உங்க நாட்டுல இருந்து வந்திருக்குற பேண்டு பிரமாதமா வாசிக்குதுன்னு. அது எந்த பேண்டுன்னா வெஸ்ட் இண்டீஸ் பேண்டு! கரீபியன்ல இருந்து வந்தவங்க வாசிச்சதுக்கு வங்காளத்துக்காரர் பாராட்டு வாங்கிக்கிறார், அவரும் அதை அப்படியே முகத்துல சிரிப்பில்லாம எழுதி வச்சுட்டார். எங்களுக்கு முன்னாடி ஆப்பிரிக்க ஜூலுக்காரங்க, இப்ப அமெரிக்கப் பழங்குடி சியூ தலைவர், அந்த மாதிரி நாங்களும் சுவாரசியமான ஜீவன்கள்தான்னு இன்னொரு இடத்துல எழுதுறார்.

என்னைக் கேட்டா அந்தப் பொருட்காட்சியோட பொழுதுபோக்கு பத்தி தெரிஞ்சுக்க இந்த ஒரு சம்பவம் போதும். காலனியில இருந்து சரக்கு வந்துச்சு, ஆளும் வந்தாங்க, ஆனா சங்கீதம் பெரும்பாலும் லண்டனோடது. காலனி ஆளை உக்கார வச்சு அவங்க சொந்த சங்கீதத்தைக் கேக்கணும்னு யாருக்கும் தோணல, பாக்குறதுக்கு மட்டும் கூட்டம் முண்டியடிச்சுது.

எதைப் பாத்தாங்கன்னா, இந்தியாவுல இருந்து 34 கைத்தொழில்காரங்களைக் கொண்டுபோயிருந்தாங்க, கம்பளம் நெய்யுறவங்க, குயவர், கல் செதுக்குறவர், மிட்டாய் போடுறவர்னு. இதுல நிறைய பேரு ஆக்ரா மத்திய சிறைச்சாலையில தொழில் கத்துக்கிட்ட கைதிகள், சிறைக் கண்காணிப்பாளர் டாக்டர் டைலர்தான் மேய்ச்சுக் கூட்டிட்டுப் போனவர். பார்வையாளர்கிட்ட இது எவ்வளவு தூரம் சொல்லப்பட்டுச்சோ போகட்டும், அரண்மனை முற்றம் மாதிரி ஜோடிச்சு வச்சு அதுல இவங்களை உக்கார வச்சு வேலை செய்ய விட்டாங்க. பக்ஷிராம்னு ஒரு குயவர், வயசு 102-ன்னு சொன்னாங்க, சக்கரத்தைச் சுத்தி சட்டி பண்ணிட்டே இருப்பார், சுத்தி நின்னு வேடிக்கை. மகாராணிக்கே ரொம்பப் பிடிச்சுப்போய் ருடால்ஃப் ஸ்வோபோடாங்குற ஓவியரை வச்சு இவங்கள்ல சிலரை வரையச் சொன்னாங்க, அந்தப் படங்கள் ஆஸ்போர்ன் மாளிகையில இன்னும் இருக்கு. (அடுத்த வருஷம் மகாராணிகிட்ட வேலைக்குப் போன அப்துல் கரீமை ஆக்ராவுல தேர்ந்தெடுத்து அனுப்பினதும் இதே டைலர்தான், அது தனிக் கதை.)

ஆட்டம் பாட்டம்னு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனது வேற இடம். 1885 குளிர்காலத்துல லிபர்ட்டி துணிக்கடைக்காரங்க பேட்டர்சீ ஆல்பர்ட் பேலஸ்ல ஒரு 'இந்திய கிராமம்' செட் போட்டாங்க, நாற்பதுக்கும் மேல ஆளுங்க, நெசவாளர்களோட வித்தைக்காரங்களும் ஆட்டக்காரங்களும். லண்டன் குளிர்ல பருத்தித் துணியோட மனுஷங்க நடுங்கிட்டு இருந்தா எந்த ஆட்டம் எடுபடும், வியாபாரமும் படுத்துருச்சு, கடைசில ஊர் திரும்புறதுக்கே திண்டாடி, லண்டன்ல இருந்த இந்திய வக்கீல் ஒருத்தர் தலையிட வேண்டியதாச்சு. 'நம்ம கலைஞர்கள் லண்டனை ஆண்டார்கள்'னு ஃபார்வர்டு போடுறவங்க இதையும் சேத்துப் போடலாம்.

வெளிநாட்டு சங்கீதம்னாலே லண்டன்காரங்களுக்குக் காது இல்லன்னும் சொல்லிட முடியாது. அதே இடத்துல, அதுக்கு முந்தின வருஷம், 1885-ல கண்டுபிடிப்புகள் பொருட்காட்சி. அதுக்கு சயாம் (இப்ப தாய்லாந்து) ராஜா தன்னோட அரண்மனை வாத்தியக்காரங்களையே அனுப்பி வச்சார். சயாம் யாரோட காலனியும் இல்ல, ஆகவே அவங்க வந்தது ஒரு ராஜாவோட ஆளுங்களா, ஆல்பர்ட் ஹால்லயே வாசிச்சாங்க. அலெக்சாண்டர் எல்லிஸ், ஹிப்கின்ஸ்னு ரெண்டு இங்கிலீஷ் இசை ஆராய்ச்சிக்காரங்க அந்த வாத்தியங்களோட ஒவ்வொரு ஸ்வரத்தையும் அளந்து பாத்து, அவங்க ஸ்தாயியை (ஒரு ச-வுல இருந்து அடுத்த ச வரைக்கும்) ஏழு சமபாகமா பிரிக்கிறாங்கன்னு எழுதினாங்க. இப்ப நம்ம ஆளுங்க ஸ்ருதி பத்தி சண்டை போடும்போது ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்னு கணக்கு சொல்லுவாங்க இல்ல, அந்த சென்ட் கணக்கு எல்லிஸ் கொடுத்ததுதான். ஆக உக்காந்து கேக்கவும் தெரிஞ்சிருக்கு, அளக்கவும் தெரிஞ்சிருக்கு. இந்திய வாத்தியத்துக்கும் பஞ்சம் இல்ல. கல்கத்தா சௌரீந்திர மோகன் தாகூர் 1884 வாக்குல ஒரு செட் வாத்தியங்களை ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்குக்கு அன்பளிப்பாவே கொடுத்திருந்தார், அந்தக் காலேஜ் அப்ப ஆல்பர்ட் ஹாலை ஒட்டினாப்புலயே இருந்துச்சு. வாத்தியம் பக்கத்துக் கட்டடத்துல கிடக்க, இங்க கோரஸ் சமஸ்கிருதம் பாடுது.

காலனிக்காரங்க தாங்களே பொருட்காட்சி நடத்தினா மட்டும் மாறிடுச்சான்னு கேட்டா, மெல்போர்னைப் பாருங்க. 1788-ல ஆஸ்திரேலியாவுல வெள்ளைக்காரங்க குடியேறக் கப்பல்ல வந்து இறங்கின நூறாவது வருஷத்துக்காக 1888 ஆகஸ்ட்ல பெரிய பொருட்காட்சி, அதுக்கு லண்டன்ல இருந்து ஃபிரெடெரிக் கோவன்ங்குற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனரை ஆறு மாசத்துக்குக் கூப்பிட்டாங்க, சம்பளம் 5000 பவுண்டு. இவ்வளவு கேட்டா ஒத்துக்க மாட்டாங்கன்னு நினைச்சுத்தான் கேட்டாராம், ஒத்துக்கிட்டாங்க. இருநூறுக்கும் மேல கச்சேரி, பீத்தோவன், வாக்னர்னு ஆர்க்கெஸ்ட்ரா கேக்காத ஜனங்களுக்கு வஞ்சனையில்லாம ஊட்டி விட்டார், கூட்டமும் வந்துச்சு, அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனா எங்களுக்கும் நாகரிகம் இருக்குன்னு லண்டனுக்குக் காட்டுறதுக்கு லண்டன் ஆளையே சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டியிருந்துச்சு. அந்த கோவன் பொறந்த ஊர் ஜமைக்கா கிங்ஸ்டன்.

ஆடியோ கேட்டிருந்தீங்க. கிடைக்காது. எடிசன் 1877-லயே ஃபோனோகிராஃப் கண்டுபிடிச்சாலும் தகரத் தாள்ல ரெண்டு தடவை போட்டாலே தேஞ்சு போற சமாச்சாரம் அது, மெழுகு சிலிண்டர் மெஷினை எடிசனோட ஏஜென்ட் லண்டனுக்குக் கொண்டுவந்து பெரிய மனுஷங்க குரலைப் பிடிச்சது 1888-ல. அதுல நம்ம சல்லிவன் குரல் இருக்கு, அக்டோபர் 5-ஆம் தேதி பேசினது, நெட்ல தேடினா சுலபமா கிடைக்கும். எடிசனோட கண்டுபிடிப்பைப் பாராட்டிட்டு, இவ்வளவு கேவலமான சங்கீதமெல்லாம் இனிமே நிரந்தரமா பதிவாயிடுமேன்னு நினைச்சா பயமா இருக்குன்னு சொல்றார். தீட்சிதர் சாகித்யத்துக்கு நிறைய ரெக்கார்டிங் இருக்கு, குழந்தைங்க பாடினதாப் பாத்துக் கேளுங்க, மெட்டு சட்டுனு பிடிபடும். முகர்ஜி புஸ்தகம் காப்பிரைட் எல்லாம் எப்பவோ போச்சு, ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, ரெஸ்டாரண்ட் காட்சியை அவர் வார்த்தையிலயே படிங்க.